அரை மணித்தியாலத்துச் செவ்வாய்

லினக்ஸ் இயங்குதளம் வீட்டுப் பாவனைக்கு ஒத்துவராது என்பது அன்புவழிபுரத்தில் தீர்ந்துபோன விஷயம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: குணேஸ்வரியே அதைக் கைவிட்டுவிட்டாள், பிறகென்ன கதை? தெரு, ஒழுங்கை முழுக்க அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அவளே ஒருநாள் பழையபடி திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், அந்தச் சாமானில் ஏதோ பிழை இருக்கத்தானே வேண்டும்? சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குணேஸ்வரிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. காலையில் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் பக்கத்துக் கடையொன்றில் தட்டச்சு செய்வாள். மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக் கணினியில் ஊராரின் மனுக்களையும் விண்ணப்பங்களையும் அடித்துக் கொடுப்பாள். ஒல்லியான உடம்பு, ஒல்லியே இல்லாத வாய். அண்ணன் யோகராசா ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். அண்ணன் மனைவி வள்ளிநாயகி, இரண்டு சின்னப் பிள்ளைகள், இவள் - வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான். அதோடு அந்தக் கணினியையும் ஓர் ஆளாகச் சேர்க்கவேண்டும். அந்த வீட்டில் எல்லா முடிவும் அதைக் கேட்டுத்தான் எடுக்கப்பட்டது.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய 2002இல் யோகராசா அதை வாங்கினார். அதற்குள் போட்ட விண்டோஸ், அட்டைப்படத்தை நிழற்பிரதியெடுத்து ஒட்டிய ஒரு சீடி. அது களவு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடையில் போய், பெயர் சொல்லிக் கேட்டு, பைக்குள் போட்டு வாங்கிவந்த சாமானை எப்படிக் களவு என்பது? கூடவே கந்தோர் நண்பர் ஒருவர் சாதகம் கணிக்கும் நிரல் ஒன்றையும் பிரதியெடுத்துக் கொடுத்தார். யோகராசாவின் புகழ் அன்றைக்குத் தொடங்கியது.

1990இல் சண்டையில் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளும் எரிந்தன. அலுமாரிகளுக்குள் இருந்த சாதகங்களும் போயின. கலியாண வயதில் பிள்ளைகளை வைத்திருந்தவர்களிடம் மிஞ்சியது பிறந்த நேரம் மட்டும்தான், அதுவும் தாய்மாரின் ஞாபகத்தில். அந்த நேரத்தை யோகராசாவிடம் சொன்னால் போதும். ஐந்து நிமிடத்தில், மேலே பிள்ளையார் படத்தோடு, கலரில் சாதகம் கையில் வந்துவிடும். யோகராசா காசு வாங்கமாட்டார். ‘கணினி பிழை விடாது’ என்று ஒருதரம் சொல்லவிட்டால் அவருக்கு அது காணும். அவர் சொந்தமாகவே சாதகம் போட்டு, பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று கண்டுபிடித்துத்தான் வள்ளிநாயகியைக் கட்டினார். கலியாண வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அந்த ஒன்பதைச் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார்.

குணேஸ்வரியின் சாதகத்தையும் அவர்தான் போட்டார். வைகாசி மாதம், முற்பகல் பதினொன்று இருபது. கடக லக்கினம், பன்னிரண்டாம் இடத்தில் செவ்வாய். செவ்வாய் குற்றம்! அப்போது உயிரோடு இருந்த தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குணேஸ்வரி எழும்பிக் குசினிக்குள் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, சீனி ஒரு கரண்டி கூடப் போட்டுக் குடித்தாள். பிள்ளைக்கு நெஞ்சு தாங்கவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது கொண்டாட்டம்.

அவளுக்குக் கலியாணத்தில் விருப்பமில்லை. ஆம்பிளைகள் மீது கோபமோ, மறக்கமுடியாத காதலோ, அப்படிக் கதையாய்ச் சொல்ல ஒன்றும் கிடையாது. சும்மா விருப்பமில்லை. தன் உழைப்பு, தன் அறை, தனக்கு நினைத்த நேரம் ஒரு தேத்தண்ணி, அது போதும் என்று இருந்தாள். ஆனால் ஒரு பெண் சும்மா விருப்பமில்லை என்று சொன்னால் எந்த வீட்டில் காதில் விழுகிறது? செவ்வாய் என்று சொன்னால் உடனே விழுந்துவிடும். வந்த சம்பந்தங்கள் சாதகப் பிரதியைப் பார்த்ததும் தாமாகவே திரும்பிப்போயின. அவளுக்கு வாய்கூடத் திறக்கவேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட ஏலாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று 1996இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, சில மாதத்தில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. அரசாங்கத்தோடு சண்டைபிடித்த இயக்கத்தின் பிடியிலிருந்த பகுதிகள் அதை ஏற்கவில்லை. ஆகவே பத்து வருடமாகக் குடாக்கடலின் இந்தக் கரையில், அன்புவழிபுரத்துப் பக்கம், ஒரு நேரம். எதிர்க்கரையில், இயக்கத்திடம் இருந்த சம்பூரில், அரை மணித்தியாலம் பிந்திய இன்னொரு நேரம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ‘பழைய நேரமோ, புது நேரமோ’ என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குப் பலகையில் இருப்பார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கமும் பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்த மாதம் முடிவதற்குள் சண்டையும் திரும்பிவிட்டது.

யோகராசா அன்று சுவர் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார். கைமணிக்கூட்டைத் திருப்பினார். கணினியின் மூலையில் தெரியும் நேரத்தையும் திருப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்தச் சண்டையில் சம்பூர்ச் சனங்கள் இடம்பெயர்ந்து இந்தக் கரைக்கு வந்த பிறகு குணேஸ்வரியின் பின்னேரங்கள் நிரம்பிவிட்டன. முகாம்களிலிருந்து பெண்கள் வருவார்கள்; விட்டுவந்த வீடு, வயல், தோணி, மாடு எல்லாவற்றையும் சொல்வார்கள்; அவள் பட்டியலாக அடித்துக் கொடுப்பாள். அவர்களில் பூரணம் என்றொருத்தி. தன்னுடையதை மட்டுமல்ல, எழுதத் தெரியாத அயலவர்களுடையதையும் சேர்த்துச் சொன்னாள். மூன்று பின்னேரம் சொன்னாள். நாலாம் நாள், யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து ஏறிய வைரஸ் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பூரணம் ஒரு சொல் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். முதல்தரம் பதினொரு மாடு சொன்னவளுக்கு இரண்டாந்தரம் ஒன்பதுதான் ஞாபகம் வந்தது. மற்ற இரண்டும் என்ன நிறம் என்று அவள் கண்ணை மூடி யோசித்தபோது குணேஸ்வரிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்த மாடுகளைத் தானே தொலைத்ததாக நினைத்தாள். அந்த நினைப்பு அவளை விட்டுப் போகவேயில்லை.

அடுத்த கிழமை அவள் முத்தலிப்பைக் கூப்பிட்டாள். முத்தலிப் குறிஞ்சாக்கேணிக்காரன், கணினி திருத்துகிறவன், படகும் பஸ்ஸும் மாறி டவுனுக்கு வந்து வீடு வீடாக வேலை செய்கிறவன். அவன் லினக்ஸ் சீடி ஒன்றைக் கொடுத்தான். வைரஸ் ஏறாது, களவுமில்லை, காசுமில்லை என்றான். யோகராசாவுக்கு அந்தக் கடைசிச் சொல்தான் பிடிக்கவில்லை. இந்த ஊரில் இலவசமாக வருவதெல்லாம் தொண்டு நிறுவனங்கள் தருவது. கையெழுத்துப் போடவேண்டும், படம் எடுக்க வரிசையில் நிற்கவேண்டும். இரண்டும் இல்லாமல் ஒருவன் சும்மா தருகிறான் என்றால் அதற்குள் என்னவோ இருக்கிறது என்பது அவர் வாதம்.

குணேஸ்வரி போட்டாள். ஒரு மாதம் ஒரு பட்டியலும் அழியவில்லை. இரண்டாம் மாதமும் அழியவில்லை. மூன்றாம் மாதம் அவளுக்குப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. கடைக்குப் போனால் லினக்ஸ், கோயிலுக்குப் போனால் லினக்ஸ். களவெடுத்த சாமானை வீட்டுக்குள் வைத்தால் அதற்குள் பூச்சி வரத்தானே செய்யும் என்று, நிழற்பிரதிச் சீடிக்காரர்களின் முகத்துக்கு நேரேயே சொன்னாள். அவள் வாய் தாங்காமல் மூன்று வீட்டுக்காரர் லினக்ஸுக்கு மாறினார்கள். ஒரு வீட்டில் அச்சுப்பொறி வேலைநிறுத்தம் செய்தது. குலசிங்கம் மாஸ்டர் வீட்டில் பக்திப்பாட்டு ஒன்றும் பாடவில்லை. அதற்கு வேண்டிய மென்பொருள் துண்டை இன்டர்நெற்றில் எடுக்கவேண்டும், மாஸ்டர் வீட்டில் ரெலிபோனே இல்லை. மூன்றாவது வீட்டில் ஒரு குறையுமில்லை. அந்த வீட்டுக்காரர் கணினியில் சீட்டு மட்டும்தான் விளையாடுவார்.

யோகராசாவின் சாதக நிரலும் லினக்ஸில் ஓடவில்லை. மனிதர் அரை உயிராகிப்போனார். சனம் பிறந்த நேரத்தோடு வந்து, சும்மா திரும்பிப் போனது. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் குணேஸ்வரி முத்தலிப்பிடம் சொல்ல, அவன் லினக்ஸில் ஓடக்கூடிய இலவசச் சாதக நிரல் ஒன்றைத் தேடிக்கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனான். தன் தலையில் தானே மண்ணள்ளிப் போடுகிறோம் என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஏனென்றால் அந்தக் கிழமைதான் கமலாதேவி வந்தாள். மடத்தடிப் பக்கத்துக்காரி. அவளுடைய தமையன் சோமசேகரம் சுவிசில் இருக்கிறார், நாற்பத்துமூன்று வயது, குடியில்லை, வேறு தொந்தரவில்லை. குணேஸ்வரியைக் கோயிலில் கண்டிருக்கிறாளாம், நல்லாய்ப் பிடித்திருக்கிறதாம். செவ்வாய் இருக்கிறதென்று கேள்விப்பட்டது உண்மைதானோ, எதற்கும் துப்புரவாய் ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள், அங்கே காட்டிப் பார்க்கிறோம் என்றாள். யோகராசாவின் கண்கள் விரிந்ததைக் குணேஸ்வரி கண்டாள். அவருடைய நினைப்பு அவளுக்குத் தெரியாததல்ல. ஆட்கள் காணாமல் போகிற ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற மனிதர். தங்கச்சி ஒருத்தி அங்கே காலூன்றினால், பின்னால் ஒவ்வொருவராகப் போய்விடலாம். அவரைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் பனிக்குள், கண்டறியாத ஒரு மனிதருக்குச் சமைத்துக்கொண்டு இருக்கிற தன்னையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி, செவ்வாய் இருக்கிறதுதானே என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பின்னேரம், யோகராசா கந்தோரால் வருமுன்னர், சாதகத்தை எடுத்துவைப்போம் என்று உட்கார்ந்தாள். புது நிரல் பிறந்த நேரத்தோடு ஊரையும் திகதியையும் கேட்டது. கொடுத்தாள். சிங்க லக்கினம் என்றது. செவ்வாய் பதினொன்றில் என்றது. பதினொன்றில் செவ்வாய் ஒரு குற்றமுமில்லை, நல்லதென்றே சொல்வார்கள்.

மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். மூன்று தரமும் சிங்கம். பிறகு பென்சிலும் கடுதாசியும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அண்ணன் கணினி வாங்கியபோது நாட்டில் நடந்தது புது நேரம். அந்த நிரல், பிறந்தவர் எந்த வருடத்தில் பிறந்தாலும், அவர் தலையில் அந்தப் புது நேரத்தையே கட்டியிருக்கிறது; அந்த அரை மணித்தியாலத்தில் அவளுடைய லக்கினமே மாறிப்போயிருக்கிறது. 1972இல் பிறந்தவளுக்குப் புது நேரம் எங்கே இருந்தது? சித்திரையில் அண்ணன் திருப்பியது மூலையில் தெரிந்த மணியை மட்டும். உள்ளுக்குள் பிழை பிழையாகவே இருந்திருக்கிறது. இந்த லினக்ஸ் என்னவென்றால், எந்த வருடம் எந்த ஊரில் எந்த நேரம் நடந்தது என்று தனக்குள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அரசாங்கம் மறந்தாலும் அது மறக்கவில்லை.

குணேஸ்வரி அந்தத் தாளை நாலாய் மடித்தாள். எட்டாய் மடித்தாள். வாழ்க்கையில் முதல்தரமாக அந்த இயங்குதளத்தின் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. ஐந்து வருடம் அவளைக் காத்துநின்ற ஒரு பிழையை, கேட்காமலே திருத்திவிட்டதே சனியன்!

யோகராசா வந்ததும் சொன்னாள்: “அண்ணா, இதில சாதகம் போட ஏலாது. சரிவருகுதில்லை.”

யோகராசாவுக்குச் சம்பந்தம் தள்ளிப்போகிற கவலையையும் மீறி ஒரு சந்தோசம் முகத்தில் வந்தது. “அப்ப உன்ர லினக்ஸுக்கும் ஏலாத காரியம் ஒண்டு இருக்கு” என்றார். பொழுது படுவதற்குள் ஒழுங்கை முழுக்க அது பரவிவிட்டது. அதுவரை அச்சுப்பொறி, பாட்டு என்று எத்தனை குறை சொன்னாலும் ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதவள், இல்லாத குறையொன்றைத் தானே சொல்லிவிட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் யோகராசா முத்தலிப்புக்கு ரெலிபோன் எடுத்துக் குத்திக் கதைத்தார்: உம்முடைய நிரல் ஒன்றுக்கும் உதவாதாம், எங்கள் பிள்ளையே சொல்லிவிட்டாள். தொழில்காரனிடம் இப்படிக் கதைக்கலாமோ? முத்தலிப் அந்த ஞாயிற்றுக்கிழமையே படகேறி, நாலு சோதனைச்சாவடியில் இறங்கிச் சோதனை கொடுத்து, வியர்த்து விறுவிறுத்து வந்துசேர்ந்தான். குணேஸ்வரி வாசலிலேயே கண்ணால் காட்டிப் பார்த்தாள். அவன் கவனிக்கவில்லை. கணினிக்கு முன்னால் இருந்து, யோகராசாவிடம் நேரம் கேட்டு, ஒரு நிமிடத்தில் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“பாருங்க அண்ணன். இதுக்கு ஏலாதெண்டு ஆர் சொன்னது? பழைய நிரல்தான் அரை மணித்தியாலம் பிழையாப் போட்டிருக்கு. இதுதான் சரி.”

யோகராசா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். சிங்க லக்கினம், பதினொன்றில் செவ்வாய். அவருடைய கண் கலங்கிவிட்டது. தங்கச்சியின் தலையில் தான் ஐந்து வருடம் ஏற்றிவைத்த பாரம் இறங்கிவிட்டது என்று மனிதர் உண்மையாகவே நம்பினார். குசினிப் பக்கம் திரும்பி, கமலாதேவிக்கு இப்போதே ஆளனுப்பு என்று வள்ளிநாயகியைக் கூப்பிட்டார்.

குணேஸ்வரி முத்தலிப்பை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். விசைப்பலகையில் என்னவோ அடித்தாள்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணா. இந்த அரை மணித்தியாலம் எனக்கு மட்டும் வரேல்லை. நீங்கள் போட்ட எல்லாச் சாதகத்திலயும் இருக்கு.”

யோகராசா சிரித்தபடி, இருந்தால் இருக்கட்டுமே, எல்லாவற்றையும் திருத்திக் கொடுப்போம் என்றார். ஊருக்கு மறுபடி ஒரு சேவை செய்யக் கிடைத்த சந்தோசம் அவருக்கு.

“அப்ப உங்கடயும் மச்சாளின்ரயும் முதல்ல பாப்பம். பத்துக்கு ஒன்பது எண்டு சொன்னீங்கள். இரண்டு பேற்ற நேரமும் அடிச்சிட்டன். இதை ஒருக்கா அமத்தினாச் சரி.” அவளுடைய விரல் விசையின் மேல் இருந்தது.

வள்ளிநாயகி குசினி வாசலில் வந்து நின்றாள். அகப்பை கையில் இருந்தது. “மச்சாள், கையை எடுங்கோ” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

முத்தலிப் எழும்பிப் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். யோகராசா மனைவியைப் பார்த்தார். முற்றத்தில் விளையாடுகிற இரண்டு பிள்ளைகளைப் பார்த்தார். ஒழுங்கைக்குள்ளே தான் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். முகம் மெல்ல மெல்ல வெளிறியது. கடைசியில் தங்கச்சியைப் பார்த்தார்.

“உனக்கு விருப்பமில்லையோ?”

“இல்லை அண்ணா.”

“முந்தியே சொல்லியிருக்கலாமே, பிள்ளை.”

“நீங்கள் என்னைக் கேக்கேல்லை. கொம்பியூட்டரைத்தானே கேட்டனீங்கள்.”

யோகராசா கையிலிருந்த தாளை, குணேஸ்வரி மடித்ததைப் போலவே நாலாய் மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு முத்தலிப்பிடம் திரும்பினார்.

“தம்பி, பழைய விண்டோஸ் சீடி உம்மட்ட இருக்கோ?”

முத்தலிப்புக்கு மனம் பொறுக்கவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாம், வேண்டிய நேரம் வேண்டியதைத் திறக்கலாம், பட்டியல்களுக்கு லினக்ஸ் நல்லது என்று எவ்வளவோ சொன்னான். யோகராசா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. இரண்டு சாதகம் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது என்றார். வள்ளிநாயகியும் கூடாது என்றாள். குணேஸ்வரி பூரணத்தின் மாடுகளை நினைத்தாள். ஆனால் தலையை ஆட்டிவிட்டாள். அவளுக்குக் கிடைத்ததற்கு விலை அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கமலாதேவியிடம் ஒரு பிரதி போனது. கடக லக்கினம், பன்னிரண்டில் செவ்வாய், மேலே கலரில் பிள்ளையார். சுவிசிலிருந்து பதில் வரவேயில்லை. யோகராசா அதற்குப் பிறகு யாருக்கும் சாதகம் போடவில்லை. கண் தெரிவதில்லை என்று சொல்லிக்கொண்டார். தங்கச்சியோடு முன்னைப்போல அதிகம் கதைப்பதில்லை. ஆனால் சம்பந்தம் என்று யாராவது வாயெடுத்தால், அவரே முந்திக்கொண்டு, பிள்ளைக்குச் செவ்வாய் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

பூரணம் வழக்கம்போல வந்தாள். குணேஸ்வரி இப்போது அவள் சொல்வதை முதலில் ஒரு கொப்பியில் பேனையால் எழுதுகிறாள்; பிறகுதான் கணினியில் அடிக்கிறாள். ஒரே வேலையை இரண்டுதரம் செய்கிறீர்களே, உங்களுக்கென்ன விசரோ என்று வள்ளிநாயகி கேட்டதற்கு, கொப்பிக்கு வைரஸ் வராது என்றாள்.

அப்படி அவள் எழுதிக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்தான் குலசிங்கம் மாஸ்டர் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார். லினக்ஸை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா, ஏன் விட்டாய் என்று கேட்டார். குணேஸ்வரி கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எங்கட வீட்டுக்கு அது சரிவரேல்லை, மாஸ்டர்.”

“நான் அண்டைக்கே சொன்னனான்தானே, பாட்டுக் கேக்குதில்லை எண்டு” என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் திருப்தியோடு சைக்கிளில் ஏறினார்.